மேல்சபையில் கூட்டுறவுக்கு ஓர் இடம்

நம் சங்கங்கள் ஒவ்வொன்றுக்கும் உபவிதிகள் உண்டு. அங்கத்தினராகச் சேரத் தகுதியுடையவர் யார், நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் இருக்கலாம், அவர்கள் எவ்வளவு காலம் பதவி வகிக்கலாம், அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பனவெல்லாம் அவ்விதிகளில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பொதுக்குழுக் கூட்டத்தில் ஐயம் ஏதேனும் எழுந்தால், உபவிதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, உரிய விதியைப் படித்துப் பார்த்தே முடிவு செய்கிறோம். நாட்டின் ஆட்சிக்கும் அத்தகைய விதிப்புத்தகம் ஒன்று உண்டு. 1950 ஜனவரி 26-ஆம் நாள் முதல் நடைமுறையில் இருந்துவரும் அரசியலமைப்புச் சட்டமே அது. அதன் 171-ஆவது விதியில், கூட்டுறவு இயக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வரி ஒன்று இருப்பதை நம்முள் பலர் அறிந்திரார். அவ்வரி மாநில மேல்சபையைப் பற்றியது. மேல்சபை எவ்வாறு தோற்றுவிக்கப்படுகிறது, எவ்வாறு அமைக்கப்படுகிறது, அதில் நம்மவர்க்கு உள்ள இடம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டாம் சபை வந்த வரலாறு

மாகாணங்களில் இரு சபைகள் என்னும் ஏற்பாடு 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தால் ஏற்பட்டதாகும். அச்சட்டம் சென்னை, பம்பாய், வங்காளம், ஐக்கிய மாகாணம், பீகார், அஸ்ஸாம் ஆகிய ஆறு மாகாணங்களுக்கு மேல்சபை அளித்தது. சென்னையில் 1937-இல் அது கூடியது. மேல்சபைக்கு வாக்களிக்கும் உரிமை அந்நாளில் பெரும்பாலும் சொத்துடையோர்க்கே இருந்தது. தறியில் அமர்ந்தவனும் ஏர் பிடித்தவனும் அதன் வாசலுக்கு வெளியே நின்றனர்.

நாடு விடுதலை பெற்றபின் அரசியல் நிர்ணய சபை இவ்விஷயத்தில் ஒரே முடிவை எல்லா மாகாணங்களின்மீதும் சுமத்தவில்லை. மேல்சபை வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தந்த மாகாணத்துப் பிரதிநிதிகளே கூடித் தீர்மானிக்க விட்டது. சென்னை, பம்பாய், மேற்கு வங்காளம், ஐக்கிய மாகாணம், பீகார், கிழக்குப் பஞ்சாப் ஆகியவை வேண்டும் என்றன. அஸ்ஸாம், ஒரிஸ்ஸா, மத்திய மாகாணம் ஆகியவை வேண்டாம் என்றன. ஆகவே, மேல்சபை என்பது எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமான உறுப்பு அன்று என்பது தொடக்கத்திலேயே தெளிவாயிற்று.

ஆக்கமும் நீக்கமும்

மேல்சபை இல்லாத மாநிலத்தில் அதனை ஆக்கவும், இருக்கும் மாநிலத்தில் நீக்கவும் வழி கூறுவது 169-ஆவது விதி. முதலில் அம்மாநிலத்துச் சட்டசபை, அதாவது மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்த கீழ்ச்சபை, தீர்மானம் ஒன்றை நிறைவேற்ற வேண்டும். அத்தீர்மானத்துக்குச் சபையின் மொத்த அங்கத்தினருள் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஆதரவும், வந்திருந்து வாக்களித்தவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவும் வேண்டும். அதன்பின் பாராளுமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்றும். அச்சட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அரசியலமைப்புத் திருத்தத்துக்குரிய கடுமையான முறை தேவையில்லை. சட்டசபை தீர்மானம் அனுப்பிவிட்டது என்பதற்காகப் பாராளுமன்றம் உடனே சட்டம் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நீக்கப்படவிருக்கும் மேல்சபையின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. கீழ்ச்சபையும் பாராளுமன்றமும் ஒத்துக்கொண்டால் அதன் ஆயுள் முடிந்துவிடும். மேற்கு வங்காளத்திலும் பஞ்சாபிலும் 1969-இல் இயற்றப்பட்ட சட்டங்களால் மேல்சபைகள் மறைந்தன. ஆந்திரத்தின் அனுபவம் இன்னும் விந்தையானது. 1958-இல் அங்கே மேல்சபை தோன்றியது, 1985-இல் நீக்கப்பட்டது, 2007-இல் மீண்டும் கூடியது, 2020 ஜனவரியில் அதனை நீக்குமாறு சட்டசபை தீர்மானித்தது, 2021 நவம்பரில் அத்தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜம்மு-காஷ்மீரின் மேல்சபை 2019-இல் அம்மாநிலம் மறுசீரமைக்கப்பட்டபோது முடிவுற்றது. இன்று மேல்சபை உடையவை உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களே.

தொகையும் காலமும்

மேல்சபையின் மொத்த அங்கத்தினர் தொகை சட்டசபையின் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகலாகாது. முதலில் நான்கில் ஒரு பங்கு என்றிருந்ததை 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் மூன்றில் ஒன்றாக உயர்த்திற்று. அதே வேளையில் எந்த மேல்சபையும் 40 பேருக்குக் குறையலாகாது. இன்று உத்தரப் பிரதேசத்தில் 100 பேரும், மகாராஷ்டிரத்தில் 78 பேரும், பீகாரிலும் கர்நாடகத்திலும் 75 பேர் வீதமும், ஆந்திரத்தில் 58 பேரும், தெலங்கானாவில் 40 பேரும் இருக்கின்றனர்.

சட்டசபை ஐந்தாண்டு முடிந்தாலும், இடையில் கலைக்கப்பட்டாலும் முற்றாக மறைந்து புதிதாகப் பிறக்கிறது. மேல்சபை அவ்வாறன்று, அதனைக் கலைக்க இயலாது. ஒவ்வோர் அங்கத்தினரின் காலமும் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலக, அவர்கள் இடத்துக்குப் புதியவர் வருவர். தறியில் ஒரு பாவு முடியுமுன் அதன் நுனியோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. சட்டசபைக்கு நிற்க 25 வயது போதும். மேல்சபைக்கு 30 வயது நிரம்பியிருத்தல் வேண்டும்.

ஐந்து வழிகள்

மேல்சபைக்குள் நுழைய ஐந்து வழிகளைச் சட்டம் வகுத்துள்ளது.

முதலாவது, ஸ்தல ஸ்தாபனங்களின் வழி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை நகராட்சி, மாவட்ட மன்றம் முதலிய ஸ்தாபனங்களின் அங்கத்தினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். எந்த மாநிலத்தில் எந்தெந்த ஸ்தாபனங்களுக்கு இவ்வுரிமை உண்டென்பதைப் பாராளுமன்றம் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பட்டியலிட்டிருக்கிறது. கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்து அங்கத்தினருக்கும் இவ்வாக்கு உண்டு. ஆகவே, அங்கே பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நெசவாளரோ உழவரோ மேல்சபைத் தேர்தலிலும் வாக்காளர் ஆகிறார்.

இரண்டாவது, பட்டதாரிகளின் வழி. பன்னிரண்டில் ஒரு பங்கினரை, பட்டம் பெற்று மூன்றாண்டுகள் கழிந்த, அம்மாநிலத்தில் வசிக்கும் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கின்றனர். இவ்வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது. விண்ணப்பித்தே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர்களின் வழி. மற்றொரு பன்னிரண்டில் ஒரு பங்கினரை, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்விக்கூடங்களில் குறைந்தது மூன்றாண்டு பணியாற்றிய ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு இவ்வாக்கு இல்லை.

நான்காவது, சட்டசபையின் வழி. மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டசபை அங்கத்தினர்கள், தம்முள் ஒருவரல்லாத வெளியாரிலிருந்து தேர்ந்தெடுக்கின்றனர்.

ஐந்தாவது, நியமன வழி. எஞ்சிய இடங்களுக்கு, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கு, கவர்னர் நியமிக்கிறார்.

முதல் நான்கு வழிகளிலும் தேர்தல் விகிதாசார முறையில் நடைபெறுகிறது. வாக்காளர் ஒரு பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டுப் போவதில்லை. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என எண்ணிட்டுச் செல்கிறார். எடுத்துக்காட்டாக, 224 பேர் கொண்ட கர்நாடகச் சட்டசபையினர் ஒரே சமயத்தில் 11 இடங்களை நிரப்ப வேண்டியுள்ளதென்று கொள்வோம். 224-ஐ 12-ஆல் வகுத்தால் 18-க்குச் சற்று மிகுதியாக வரும். எனவே 19 முதல் வாக்குகள் பெற்றவர் வெற்றி பெறுவது உறுதி. 19 பேர் கொண்ட சிறு கட்சியும் ஓர் இடம் பெறலாம். பெருங்கட்சி எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்ள முடியாது. சங்கத் தேர்தல்களில் சிறுபான்மையோர் முற்றாக ஒதுக்கப்படுவதைக் கண்டு வருந்திய அங்கத்தினர்களுக்கு இம்முறையின் நன்மை எளிதில் விளங்கும்.

வாக்காளர் யார் என்பதும், வேட்பாளர் யார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். பட்டதாரிகள் தொகுதியில் பட்டதாரிதான் நிற்க வேண்டுமா என்னும் வழக்கு ஒன்று, நம் சென்னை மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியிலிருந்தே எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பட்டம் பெறாதவரும் அத்தொகுதியில் நிற்கலாம் என்று 1972-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரி வாயிலை மிதிக்காத ஒரு நெசவாளரைப் பட்டதாரிகள் தம் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. தேர்ந்தெடுக்கும் மனம்தான் வேண்டும்.

அதிகாரத்தின் எல்லை

மேல்சபை என்னும் பெயரைக் கேட்டு அது சட்டசபைக்கு மேலானது என எண்ணிவிடலாகாது. மந்திரிசபை சட்டசபைக்கே பொறுப்புடையது. வரவு செலவு பற்றிய பண மசோதாவை மேல்சபை 14 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. அது கூறும் யோசனைகளை ஏற்பதும் தள்ளுவதும் சட்டசபையின் விருப்பம். பிற மசோதாக்களை முதல் முறை மூன்று மாதமும், சட்டசபை மறுமுறை நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதமும் தாமதப்படுத்தலாம். அதன்பின் மசோதா நிறைவேறியதாகவே கொள்ளப்படும். பாராளுமன்றத்தில் இரு சபைகளும் மாறுபட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டும் வழி உண்டு. மாநிலத்தில் அவ்வழியும் இல்லை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதிலும், ராஜ்ய சபைக்கு அங்கத்தினரை அனுப்புவதிலும் மேல்சபையினர்க்கு வாக்கு இல்லை.

ஆகவே, மேல்சபையிடம் உள்ளது தடுக்கும் அதிகாரம் அன்று, சொல்லும் வாய்ப்பு. நூல் விலை, கைத்தறி ரகங்களின் பாதுகாப்பு, பயிர்க் கடன், பாசன வரி ஆகியவற்றைப் பற்றிய மசோதா ஒன்று அவசரமாக வரும்போது, அத்தொழிலைத் தெரிந்த ஒருவர் எழுந்து, இந்தப் பிரிவு நடைமுறைக்கு ஒவ்வாது என்று காரணத்தோடு கூறக்கூடுமானால் அந்தச் சபையால் பயன் உண்டு. சட்டசபையில் பேசியதையே அதே கட்சியினர் மீண்டும் பேசுவதானால் அதற்காகும் செலவு வீணே. எனவே, மேல்சபையின் பயன் முழுவதும் அதில் அமர்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாடு கண்ட மேல்சபை

நம் மாநிலத்தில் மேல்சபை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இருந்தது. முடிவில் அதன் தொகை 63. அவருள் சட்டசபை தேர்ந்தெடுத்தோர் 21, ஸ்தல ஸ்தாபனங்கள் தேர்ந்தெடுத்தோர் 21, பட்டதாரிகளின் பிரதிநிதிகள் 6, ஆசிரியர்களின் பிரதிநிதிகள் 6, நியமனம் பெற்றோர் 9.

இரு முதல் மந்திரிகள் இச்சபையின் அங்கத்தினராக இருந்து ஆட்சி நடத்தினர். 1952-இல் முதல் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் கட்சிக்கு 375 இடங்களுள் 152 மட்டுமே கிடைத்தது. தேர்தலில் நிற்காத ராஜாஜி அவர்களைக் கவர்னர் ஸ்ரீபிரகாசா மேல்சபைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். நியமன இடம் இவ்வாறு பயன்பட்டது முறையா என்னும் விவாதம் அன்றே எழுந்தது. 1967-இல் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அறிஞர் அண்ணா முதல் மந்திரி ஆனபோது, அவரும் மேல்சபையின் வழியாகவே சட்டமன்றத்துக்குள் வந்தார். சபை முடிவுற்ற காலத்தில் அதன் தலைவராக இருந்தவர் ம. பொ. சிவஞானம்.

1986 மே மாதத்தில் சட்டசபை, மேல்சபையை நீக்கத் தீர்மானித்தது. பாராளுமன்றம் சட்டம் இயற்ற, அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் அது மறைந்தது. பின்னர் 1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேறின. 1991, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில், ஆட்சி மாறியதும், வேண்டாம் என்று மாற்றுத் தீர்மானங்கள் நிறைவேறின. 2010-இல் பாராளுமன்றம் 78 பேர் கொண்ட மேல்சபைக்குச் சட்டமும் இயற்றிவிட்டது. ஆயினும் சபை கூடவே இல்லை. மூன்று முறை கேட்டோம், மூன்று முறை மறுத்தோம். ஆனால் ஒரு முறையேனும், அச்சபையில் நியமனம் பெறும் 12 பேர் யாராக இருக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பவேண்டும் என்று எண்ணிப் பார்த்தோமா? அக்கேள்வியை நாம் முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு வரி

இப்போது தொடக்கத்தில் குறிப்பிட்ட வரிக்கு வருவோம். கவர்னர் நியமிக்கும் அங்கத்தினர்கள் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதை 171-ஆவது விதியின் ஐந்தாம் உட்பிரிவு கூறுகிறது. இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகசேவை ஆகியவற்றில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ உடையவராக அவர்கள் இருத்தல் வேண்டும். ராஜ்ய சபைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேரைப் பற்றிய 80-ஆவது விதியில் இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூகசேவை ஆகிய நான்கு மட்டுமே உள்ளன. கூட்டுறவு இயக்கம் அங்கே இல்லை; மாநில மேல்சபைக்கென்றே அது சேர்க்கப்பட்டிருக்கிறது. கூட்டுறவு மாநில அதிகாரத்துக்குட்பட்ட துறை என்பதை எண்ணும்போது இச்சேர்க்கையின் பொருத்தம் விளங்கும்.

இன்னுமொன்றையும் நோக்க வேண்டும். தனி அறிவு உடையவர் என்று மட்டும் சட்டம் கூறவில்லை. நடைமுறை அனுபவம் உடையவரும் தகுதி பெற்றவரே. சங்கத்தின் பேரேட்டை முப்பதாண்டு காத்த காரியதரிசியும், தறியிலிருந்து எழுந்துவந்து சங்கத் தலைவரான நெசவாளரும், விவசாயிகளை ஒன்று திரட்டி விற்பனைச் சங்கம் கண்ட உழவரும், கவிஞரோடும் விஞ்ஞானியோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருக்கின்றனர்.

இன்று ஆறு மாநிலங்களிலும் உள்ள நியமன இடங்கள் 59. உத்தரப் பிரதேசத்தில் 10, பீகாரில் 12, மகாராஷ்டிரத்தில் 12, கர்நாடகத்தில் 11, ஆந்திரத்தில் 8, தெலங்கானாவில் 6. இவற்றுள் கூட்டுறவுக்கு இத்தனை என்று சட்டம் பிரித்து வைக்கவில்லை. ஐந்து துறைகளுள் எதிலிருந்தும் எத்தனை பேரையும் நியமிக்கலாம். ஒரு துறையை அறவே விட்டுவிட்டாலும் கேட்பாரில்லை. கவர்னர் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே நியமிப்பது மரபாதலால், தேர்தலில் தோற்றவருக்கு ஆறுதல் அளிக்கவும் கட்சிக்கு உழைத்தவருக்குக் கைம்மாறு செய்யவும் இவ்விடங்கள் பயன்படுகின்றன என்னும் குறை நெடுநாளாக உண்டு. மகாராஷ்டிரத்தில் 2020 நவம்பரில் மந்திரிசபை 12 பெயர்களைச் சிபாரிசு செய்தது. 2022 ஜூனில் அம்மந்திரிசபை விலகும்வரை அந்நியமனங்கள் நடைபெறவே இல்லை. கூட்டுறவுக்குப் புகழ்பெற்ற அம்மாநிலத்திலேயே அவ்விடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

பிற நாட்டிலும் இச்சிக்கல் உண்டு. அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மேல்சபையின் 60 இடங்களுள் 43-ஐத் தொழில்வாரியாக ஐந்து குழுக்களுக்குப் பங்கிட்டது. உழவுத் துறைக்கு 11 இடம், தொழிலாளர் துறைக்கு 11 இடம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் உழவரும் தொழிலாளரும் அல்லர்; பாராளுமன்றத்தினரும் ஸ்தல ஸ்தாபனத்தினருமே. எனவே அங்கும் கட்சிகளின் கையே ஓங்கி நிற்கிறது. இடத்துக்குத் தொழிலின் பெயரை வைப்பதால் மட்டும் தொழிலாளி அதில் அமர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

எனினும், நியமன இடத்தில் தக்கவர் ஒருவர் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் சென்னையே கண்டிருக்கிறது. மாகாணத்தில் ஒரே சபை இருந்த காலத்தில், 1926-இல், டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அதற்கு நியமனம் பெற்றார். பின்னர் அதன் உபதலைவரும் ஆனார். கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம், 1929-இல் சட்டத் திருத்தமாகக் கனிந்தது. அவ்வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. அவருக்குப் பின்னால் வாக்குப் பெட்டி இல்லை. ஆனால் பெண்கள் சங்கங்கள் இருந்தன; தாம் பேசும் பொருளைப் பற்றிய நேரடி அறிவும் இருந்தது.

நாம் செய்யத்தக்கது

மேல்சபை மீண்டும் வேண்டும் என்றோ, வேண்டாம் என்றோ வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. செலவு, தாமதம், தோற்றவர் புகலிடம் என்று எதிர்ப்பார் கூறும் காரணங்களில் உண்மை உண்டு. அவசரத்துக்கு ஒரு தடை, அனுபவத்துக்கு ஓர் இடம் என்று ஆதரிப்பார் கூறும் காரணங்களிலும் உண்மை உண்டு. மூன்று முறை எழுந்த இக்கேள்வி நான்காம் முறையும் எழக்கூடும். அப்போது கூட்டுறவாளர்கள் வெறும் பார்வையாளராக இருத்தல் கூடாது.

சபை வருமானால், கூட்டுறவு இயக்கத்துக்குரிய நியமனத்தை விட்டுவிடாது நிரப்புமாறும், சங்கப் பணியில் நெடுநாள் நின்றவரையே அதற்குத் தெரிந்தெடுக்குமாறும் ஒவ்வொரு சங்கமும் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்பலாம். சங்கங்களின் மாவட்ட ஒன்றியங்கள் தக்கவர் பெயர்களை முன்கூட்டியே தேர்ந்து வைக்கலாம். நம் வீட்டுப் பட்டதாரிப் பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யுமாறு பார்த்துக்கொள்ளலாம். பஞ்சாயத்துகளில் இருக்கும் நம் அங்கத்தினர்கள், தமக்கு வாக்கு கிடைக்குமா என்பதைக் கேட்டறிந்து, கிடைக்காவிட்டால் கிடைக்கச் செய்யுமாறு கோரலாம். சபை வாராதாயினும் இம்முயற்சியால் இழப்பொன்றும் இல்லை. சட்டசபையிலேயே நம் தொழிலைப் பேசத்தக்கவர் யார் என்பதை நாம் அறிந்திருப்போம்.

சட்டம் செய்தவர்கள் கூட்டுறவின் பெயரைப் புத்தகத்தில் எழுதிச் சென்றுவிட்டனர். சங்க அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இவ்விதியைப் படித்துக் காட்டி, இதுபற்றித் தம்முள் கலந்து பேசுவார்களென நம்புகிறோம்.